பொக்லைன் பேச்சை நிறுத்தினால்: மீட்டரா, ஸ்கோப்பா, ஸ்கேனரா, கம்பெனி ஆளா?

க.பரமத்திப் பக்கம் கல்குவாரி நடத்தும் அண்ணன் ஒருவர் போன மாதம் ஓர் இரவு அழைத்தார். அவரிடம் இரண்டு பொக்லைன், ஒரு ஜேசிபி, ஒரு லோடர். நான்கும் நான்கு கம்பெனி. "எல்லா கம்பெனி வண்டிக்கும் ஒத்துவரும், கோளாறு படிக்கும் ஸ்கேனர் ஒன்று மூன்றேகால் லட்சம் சொல்கிறார்கள். வாங்கிவிட்டால் இனி யார் தயவும் வேண்டாமாம். வாங்கட்டுமா தம்பி?" என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை. பன்னிரண்டு வருடமாகக் குவாரிகளிலும் சாலை வேலைகளிலும் வண்டி வயரிங் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை வைத்து, வண்டிக்குள் இருக்கும் கணினிப் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதை நிறுத்திவிடும் கோளாறுக்கு எதில் காசு போடலாம், எதில் போடக்கூடாது என்று இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும் நம் ஊரில் அது பொக்லைன்தான். சில பக்கங்களில் ஹிட்டாச்சி. இங்கே பொக்லைன் என்று எழுதும்போது எந்தக் கம்பெனியையும் குறிப்பிடவில்லை.

பழைய வண்டியில் ஆக்சிலேட்டருக்கு ஒரு கேபிள் போகும், பம்புக்கு ஒரு பைலட் ஹோஸ் போகும், மீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் வரும். எது கெட்டதோ அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் போதும். இன்றைய வண்டியில் எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியான இசிஎம், பம்பு கன்ட்ரோலர், கேபினில் உள்ள மானிட்டர், வண்டி எங்கே நிற்கிறது என்று கம்பெனிக்குச் சொல்லும் பெட்டி என எல்லாமே முறுக்கிவிட்ட இரண்டே ஒயரில் பேசிக்கொள்கின்றன. ஒன்றின் பெயர் ஹை, மற்றது லோ. மஞ்சளும் பச்சையுமாக இருப்பது வழக்கம். இந்த ஏற்பாட்டுக்கு கேன் என்று பெயர். தண்ணீர் கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புதிய பையன்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டது. கனரக வண்டிகள் இதன்மேல் ஜே1939 என்ற விதிமுறையை வைத்துப் பேசுகின்றன; பெரும்பாலான வண்டிகளில் வேகம் நொடிக்கு 2,50,000 பிட். லைனின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கு 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். சிக்னல் முனையில் முட்டித் திரும்பி எதிரொலிக்காமல் அதை விழுங்குவது அதன் வேலை. இந்த ஒரு எண்ணை மறக்காமல் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த லைனில் கோளாறு வந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும்? மானிட்டரில் எண்களுக்குப் பதில் வெறும் சிறு கோடுகள் (- - -) வரும். எஞ்சின் ஓடும், ஆனால் ஐடிலைத் தாண்டாது. செல்ஃப் எடுக்காது. எல்லாவற்றிலும் எரிச்சலானது, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவது. ஆப்பரேட்டர் "இப்போது சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விடுவார்.

முதலில், செலவே இல்லாத வழி. மானிட்டரிலேயே எரர் கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் எண், வரும். அதில் இரண்டு பகுதி. எஸ்பிஎன் என்பது எதைப் பற்றிய புகார், எஃப்எம்ஐ என்பது என்ன வகைப் புகார். எஸ்பிஎன் 639 வந்தால் லைனைப் பற்றிய புகார். எஃப்எம்ஐ 9 என்றால் வரவேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை. 19 என்றால் வந்த தகவலே பிழை என்று அனுப்பியவர் சொல்லிவிட்டார். கிராமக் கூட்டத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவர் மாதிரிதான் இது. யார் வரவில்லை என்று எழுதுவார், ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லோரும் எஞ்சின் இசிஎம்மைக் காணோம் என்கிறார்கள், மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்றால், தேட வேண்டிய இடம் இசிஎம், அதற்கு வரும் கரண்ட், அதற்குப் போகும் கிளை. எல்லோரும் எல்லோரையும் காணோம் என்கிறார்கள் என்றால் நடு லைனே படுத்துவிட்டது. எரர் கோடுகளை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு என்னைக் கூப்பிடும் ஆப்பரேட்டர்கள்தான் என் பெட்ரோல் செலவை ஏற்றுகிறவர்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு ஒழுங்கான ஒன்று கிடைக்கிறது. அறுபது ரூபாய்த் தேநீர்ச் செலவில் பார்க்க வேண்டிய வேலைக்கு லட்ச ரூபாய்க் கருவியைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மாஸ்டர் சுவிட்சை அணையுங்கள். உடனே அளக்காதீர்கள், சாவி எடுத்த பிறகும் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். இரண்டு நிமிடம் போகட்டும். ஒன்பது பின் உள்ள வட்டமான டயக்னாஸ்டிக் கனெக்டர் கேபினில் இருக்கும். ஜே1939 வழக்கப்படி அதில் சி என்பது ஹை, டி என்பது லோ. சில கம்பெனிகள் அதே வடிவக் கனெக்டரில் பின்களை மாற்றி வைத்திருக்கின்றன, பேட்டரி பிளஸ் மைனஸ் உட்பட. ஆகவே அந்த வண்டியின் வயரிங் வரைபடம் கையில் இல்லாமல் எதையும் குத்தாதீர்கள். சி-க்கும் டி-க்கும் நடுவே ஓம் அளவில் வைத்தால் 60 காட்ட வேண்டும். இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60. 120 காட்டினால் ஒரு முனை போய்விட்டது, அல்லது அந்த முனைக்குப் போகும் வழியில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது. ஓரிரு ஓம் காட்டினால் ஹையும் லோவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் போனால் இரண்டு முனையுமே இல்லை.

பிறகு மாஸ்டர் சுவிட்சையும் சாவியையும் போட்டு வோல்ட் பாருங்கள். ஹை ஒயரில் பாடிக்கு 2.6, 2.7 வாக்கில் இருக்கும். லோவில் 2.3, 2.4. இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டும் அசையாமல் 2.5-லேயே நின்றால் லைன் நலம், பேசத்தான் ஆளில்லை. ஒன்று 24-ஐ நோக்கி ஏறியிருந்தால் பேட்டரி ஒயர் எங்கோ உரசுகிறது. கணக்கு உதைத்தால் ஒவ்வொரு பெட்டியின் பிளக்காகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள், சாவியை அணைத்துவிட்டுக் கழற்றி, பிறகு போட்டுப் பாருங்கள். எதைக் கழற்றியதும் எண் ஒழுங்குக்கு வருகிறதோ, திருடன் அந்தப் பக்கம்.

போன வருடம் 20 டன் வண்டி ஒன்று பிரேக்கர் மாட்டிப் பாறை உடைத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாட்டர் சர்வீஸ் செய்தார்கள், திங்கள்கிழமை காலை மானிட்டர் முழுக்க எரர் கோடு. நான் போவதற்குள் இன்னொருவர் வந்து, எஞ்சின் இசிஎம் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார். மீட்டரை வைத்தேன், 118 ஓம். வரைபடத்தில் ஒரு முனை எஞ்சின் பக்கம், இன்னொன்று சீட்டுக்குப் பின்னால். சீட்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளக், எதற்கும் இணைக்காமல் சும்மா மாட்டி வைத்தது போலவே இருக்கும். அதுதான் அந்த 120 ஓம். பிளக்கைப் பிரித்ததும் இரண்டு சொட்டுத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. மூன்று பின்னில் ஒன்று பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. புதிய பின் வைத்து, ரப்பர் சீலை மாற்றி மாட்டியபோது மீட்டர் 60 காட்டியது. இசிஎம் இன்னும் அதே வண்டியில்தான் ஓடுகிறது.

மீட்டரோடு சேர்த்து 24 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். பெட்டி பேசாமல் போவதற்குப் பாதி நேரம் காரணம் பேச்சு லைனே இல்லை, பெட்டிக்குப் போகும் கரண்ட்தான். ஃபியூஸ் அடியில் துரு இருந்தாலும், பத்து இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 24.6 என்று அழகாகக் காட்டும். அதே இடத்தில் பல்பைக் கொடுத்தால் சிவப்பாக மினுக்கும், அல்லது எரியவே எரியாது. மீட்டர் கேட்பது துளி கரண்ட், பல்ப் கேட்பது ஏறக்குறைய ஓர் ஆம்பியர், வேறுபாடு அதுதான். இந்தப் பல்பை கேன் ஒயரில் மட்டும் எந்தக் காலத்திலும் வைக்காதீர்கள்.

மீட்டரின் எல்லை எது? வந்து வந்து போகும் கோளாறு. லைனில் ஒரு பிட்டின் நீளம் ஒரு நொடியில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. மீட்டர் காட்டுவதோ சராசரி. திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் ஜேப்படி செய்ததைக் கூட்டத்தின் சராசரி உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய வண்டிகளில் கேன் லைன் இரண்டு மூன்று இருக்கும். டயக்னாஸ்டிக் கனெக்டரில் அதில் ஒன்றுதான் வந்து நிற்கும். அங்கே 60 காட்டியதை வைத்து எல்லா லைனும் நலம் என்று கைகழுவிவிட முடியாது.

இங்கேதான் ஸ்கோப் வருகிறது, ஒயரில் வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் படமாக வரைந்து காட்டும் கருவி. பேட்டரியில் ஓடும், கையடக்கமான, இரண்டு சேனல் உள்ள ஒன்று. பதினைந்து, இருபதாயிரம் ரூபாய்க்குத் தேவைக்கு ஏற்றது கிடைக்கிறது. கரண்டில் ஓடும் மேசை ஸ்கோப்பைக் குவாரியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு சேனல் ஹைக்கு, ஒன்று லோவுக்கு. இரண்டும் 2.5 வோல்ட்டில் ஓய்ந்திருக்கும். பேசும்போது ஹை 3.5-க்கு எழும்ப, லோ 1.5-க்கு இறங்கும். நீர்நிலையில் தென்னைமரமும் அதன் நிழலும் மாதிரி ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்க வேண்டும். முனை ரெசிஸ்டர் இல்லாவிட்டால் திரையில் தெரியும் சதுர அலையின் ஓரங்களில் அதிர்வு தெரியும். பின்னில் துரு இருந்தால் ஓரம் மழுங்கும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆகும். முதல் வேலையாக, ஓடுகிற நல்ல வண்டியில் படத்தைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குக் கெட்டது கண்ணில் படாது.

இந்த ஸ்கோப் தன் விலையை எனக்கு ஒரே வேலையில் திருப்பிக் கொடுத்தது. வண்டி சமதளத்தில் நாள் முழுக்க ஓடும். ராம்ப் ஏறும்போது மட்டும் எஞ்சின் ஐடிலுக்கு விழுந்துவிடும். சாவியை அணைத்துப் போட்டால் சரி. நான் போவதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து இசிஎம்மை மாற்றியிருந்தார்கள். மாற்றிய மறுநாளே அதே ராம்பில் அதே கதை. மீட்டரில் எப்போது வைத்தாலும் 60. ஸ்கோப்பைக் கேபினில் கட்டிவிட்டு, ஆப்பரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே ராம்ப் ஏறச் சொன்னேன். மூன்றாவது முறை, வண்டி மூக்கைத் தூக்கிய கணத்தில் லோ சேனல் அப்படியே பூஜ்ஜியத்துக்குப் போய்ப் படுத்தது. ஹை மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. லோ ஒயர் பாடியில் தொடுகிறது. எங்கே என்று தேடுவதுதான் மிச்சம். கேபினுக்கு அடியில் ஒயர்க்கட்டு ஒரு தகட்டு விளிம்பைத் தாண்டும் இடத்தில் கிளாம்பு ஒன்று காணவில்லை. மேல்குழாயைக் கீறிப் பார்த்தால் பச்சை ஒயரில் அரிசி நீளத்துக்குத் தோல் உரிந்து, செம்பு புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. எதிரே விளிம்பில் பெயிண்ட் போய் ஒரு கோடு. கேபின் பின்னால் சாயும்போது மட்டும் இரண்டும் முத்தமிட்டுக்கொள்ளும்.

லோ ஒயர் பாடியில் பட்டால் லைன் சில நேரம் குற்றுயிராக ஓடும். ஹை ஒயர் பட்டால் அப்போதே செத்துவிடும். அந்த வண்டி ஏன் சில முறை தப்பிப் பிழைத்து ராம்ப் ஏறியது என்பதற்கு இதுதான் விளக்கம். சாவியைப் போட்டு எடுத்தால் சரியாவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் தான் அனுப்பியது பிழையானால் எட்டு கூட்டி, சரியாகப் போனால் ஒன்று கழித்துத் தனக்குத் தானே கணக்கு வைத்துக்கொள்கிறது. கணக்கு 255-ஐத் தாண்டியதும் லைனைக் கெடுப்பது நான்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டி வாயை மூடிக்கொள்கிறது. சாவி அணைந்தால் கணக்கு அழியும், பிள்ளை திரும்பப் பேசும். ஆகவே, சாவி போட்டு எடுத்தால் சரியாகும் வண்டியில் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் ஒயரைச் சந்தேகியுங்கள்.

லேப்டாப்பில் மாட்டும் யுஎஸ்பி கேன் அடாப்டர் ஒன்றும் என்னிடம் உண்டு. ஸ்கோப்பைவிட மலிவு, ஆனால் படித்தவர்களுக்கான பொருள். லைனில் ஓடும் ஒவ்வொரு செய்தியையும் எண்ணாகக் காட்டும். செய்தி அடையாளத்தின் கடைசி இரண்டு இலக்கம் அனுப்பியவர் முகவரி, எஞ்சினுக்கு 00. நாள் முழுக்கப் பதிவில் போட்டுவிட்டு மாலையில் வந்து பார்த்தால், மதியம் எத்தனை மணிக்கு எந்த முகவரி காணாமல் போனது என்று துல்லியமாகத் தெரியும். நான் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ரகசியச் செய்திகளுக்கு அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, வருகிறதா இல்லையா என்பதே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். கேட்க மட்டும் செய்யும் முறையில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். வேகத்தைத் தவறாக வைத்துச் சாதாரண முறையில் மாட்டினால் இந்தப் பெட்டியே லைனில் கத்தி எல்லோரையும் வாயடைத்துவிடும். மண் அள்ளிக்கொண்டிருக்கும் வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம்.

இனி அண்ணன் கேட்ட ஸ்கேனர். இந்த வகைக் கருவிகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஜால்டெஸ்ட், டெக்ஸா போன்றவை கட்டுமான வண்டிகளுக்கென்றே தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. எஞ்சின் எரர் கோடுகளை விளக்கத்தோடு படிக்க, சென்சார் அளவுகளை ஓடும்போதே பார்க்க, பல கம்பெனி வண்டி பார்க்கும் பட்டறைக்கு அவை பயன்படும். 2021 ஏப்ரல் முதல் டயர் வகைக் கட்டுமான வண்டிகளுக்கு பிஎஸ் சிஇவி நான்காம் நிலை என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புகைக்குழாய் பக்கத்துச் சென்சார்களே ஒரு தனி உலகமாகிவிட்டன. அங்கெல்லாம் ஸ்கேனர் இல்லாமல் தடுமாற வேண்டியதுதான்.

பேச்சு லைன் கோளாறுக்கு வாங்கலாமா என்பதுதான் கேள்வி. ஸ்கேனர் எப்படித் தகவல் எடுக்கிறது? அதே லைனில் பேசித்தான். போன் லைன் அறுந்துவிட்டது என்று புகார் சொல்ல அதே போனைத் தூக்குவது போன்ற கதை. லைன் முழுதாகப் படுத்திருக்கும்போது மூன்றேகால் லட்ச ரூபாய்க் கருவி "தொடர்பு கிடைக்கவில்லை" என்று ஒரே வரி காட்டும். அது நமக்கு வண்டியிடம் போகும் முன்பே தெரியும். லைன் விட்டுவிட்டு வேலை செய்யும்போது எரர் கோடு காட்டும், ஆனால் அது மானிட்டர் காட்டியதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடாது. ஆபத்து எங்கே என்றால், திரையில் கம்பீரமாக "எஞ்சின் இசிஎம் தொடர்பு இல்லை" என்று வந்ததும் கை தானாக இசிஎம் விலையைக் கேட்கப் போய்விடுகிறது. ராம்ப் வண்டியில் இசிஎம் மாறியது அப்படித்தான். இது போதாதென்று வருடாவருடம் மென்பொருள் புதுப்பிப்புக்குத் தனிக் கட்டணம். மாதம் இரண்டு தடவை எடுக்கிற கருவிக்கு அது தாங்காது.

கம்பெனி ஆள் விஷயத்தில் நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு வீம்பு உண்டு. அவர் வந்தால் நம் மானம் போய்விடும் என்பது போல. எனக்கு அந்த வீம்பு இல்லை. கேட்டர்பில்லருக்கு கேட் இடி, வால்வோவுக்கு டெக் டூல், ஜேசிபிக்கு சர்வீஸ் மாஸ்டர், கம்மின்ஸ் எஞ்சினுக்கு இன்சைட் என்று அவரவர் மென்பொருள் அவரவரிடம். புதிய பெட்டி மாட்டினால் அதற்குள் அந்த வண்டிக்கான புரோகிராமை ஏற்றுவது, இன்ஜெக்டர் எண்களைப் பதிவது, பம்பை அளவு சரிபார்ப்பது, இவற்றுக்கு அவரை விட்டால் ஒழுங்கான வழி கிடையாது. வாரண்டியில் இருக்கும் வண்டியில் ஒரு ஒயரைக்கூட வெட்டாமல் முதலில் அவரைத்தான் கூப்பிட வேண்டும். பெட்டி உண்மையிலேயே எரிந்துபோகும் சந்தர்ப்பங்களும் உண்டு. பக்கெட் பல்லைப் பற்றவைக்கும்போது மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல், எர்த் கிளாம்பை எங்கோ தூரத்தில் மாட்டி வெல்டிங் செய்த வண்டியில் இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் போனதைப் பார்த்திருக்கிறேன். அங்கே என் மீட்டருக்கு வேலை, போனது பெட்டிதான் என்று உறுதி சொல்வதோடு முடிந்தது.

கம்பெனி ஆளின் கட்டணத்தைவிடப் பெரிய செலவு அவருக்காகக் காத்திருப்பது. பொக்லைன் வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். எட்டு மணி நேரம் ஓடும் வண்டி மூன்று நாள் நின்றால் ஒரு நல்ல ஸ்கோப்பின் விலை கண்ணெதிரே போய்விடுகிறது. டியூ தேதி மட்டும் நிற்காது. ஆகவே அவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதைவிட, கூப்பிடும்போது கையில் என்ன தகவல் இருக்கிறது என்பது முக்கியம். "வண்டி ஓடவில்லை" என்று சொன்னால் அவர் லேப்டாப்போடு மட்டும் வருவார், பார்ப்பார், பெட்டி எடுத்துவர இன்னொரு நாள் சொல்வார். "லைனில் 60 இருக்கிறது, இசிஎம் பிளக்கில் 24 வோல்ட்டில் பல்ப் முழு வெளிச்சமாக எரிகிறது, அதைக் கழற்றினால் மற்றவை பேசுகின்றன" என்று சொன்னால் பெட்டியோடு வருவார்.

யாருக்கு எது என்று கேட்டால், ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு மீட்டர், பல்ப், அந்த வண்டிக்கான வயரிங் வரைபடம், இவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். மூன்றில் வரைபடம்தான் கிடைக்கச் சிரமம். வண்டி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். என்னைப் போல் ஊர் ஊராகப் போகும் எலக்ட்ரீஷியனுக்கு அடுத்த காசு ஸ்கோப்பில் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் அடாப்டர். ஒரே கம்பெனி வண்டி பத்துக்கு மேல் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் அந்தக் கம்பெனியின் மென்பொருளை முறையாகச் சந்தா கட்டி வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்; திருட்டுப் பிரதி போட்ட லேப்டாப் மலிவாகக் கிடைக்கும், புரோகிராம் ஏற்றும்போது பாதியில் நின்று பெட்டியைக் கல்லாக்கினால் கேட்க நாதி இருக்காது. பல கம்பெனி வண்டி தினமும் வரும் பட்டறைக்கு மட்டும் அந்தப் பொது ஸ்கேனர். அதுவும் ஸ்கோப் வாங்கிய பிறகு.

எலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நெல் அறுவடை முடிந்த காட்டோரம் வண்டியை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால், எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் சீட்டுக்கு அடியிலும் பேட்டரிப் பெட்டியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கையைப் பார்த்தாலே பாதிக் கோளாறு தெரிந்துவிடும்.

அண்ணன் கடைசியில் ஸ்கேனர் வாங்கவில்லை. மீட்டர் வாங்கினார். நான்கு வண்டிக்கும் வரைபடம் வாங்கிப் பெரிய தாளில் அச்செடுத்து லேமினேட் செய்து கேபினில் தொங்கவிட்டார். பையனிடம் கொடுத்து ஓடுகிற வண்டியிலேயே ஓம், வோல்ட் எல்லாம் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். நேற்று முன்தினம் அந்தப் பையன் அழைத்தான். லோடர் மானிட்டரில் அடிக்கடி எரர் கோடு வருகிறதாம்.

"எவ்வளவு காட்டுகிறது?"

"நாற்பது அண்ணா. போன வாரம் நோட்டில் அறுபது எழுதியிருக்கிறேன்."

"இந்த ஒரு வாரத்தில் யாராவது வண்டியில் ஏதாவது புதிதாக மாட்டினார்களா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "புதன்கிழமை ஜிபிஎஸ் மாட்ட ஒருவர் வந்திருந்தார் அண்ணா. டீசல் கணக்குப் பார்க்க என்று அப்பாதான் வரச் சொன்னார்" என்றான்.

"அவர் எந்த ஒயரில் சேர்த்திருக்கிறார், மஞ்சளும் பச்சையுமா பார்" என்றேன்.